திருச்சியில் மூன்று மாதம் தங்கலாமா?

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்ச் மாதம், கல்கத்தாவிலிருந்து என் சகலை எனக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன் அவர் எனக்கு எழுதியதே இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் கையெழுத்து மட்டும் போடுவார். மற்ற விவரமெல்லாம் என் மனைவியின் அக்கா எழுதுவார். இந்தக் கடிதத்தின் உறை மேல் என் பெயருக்குப் பின்னால் என் பட்டங்களையும் சேர்த்து எழுதியிருந்தார். தபால்காரர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுக் கொடுத்தார். கீழ்வீட்டாருக்கும் கேட்டிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

கடிதம் சின்னது. வயிற்றில் ஓர் ஆபரேஷன் நடந்தது, இப்போது பரவாயில்லை, கம்பெனியில் மே மாதத்திலிருந்து மூன்று மாதம் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். "அதை எங்கே கழிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். மைசூர் நல்லது என்கிறார்கள். திருச்சி பெரிய ஊர். மூன்று மாதம் தங்குவதற்கு ஏற்றதுதானா என்று உங்களைக் கேட்கத் தோன்றியது. நீங்கள் பூகோள ஆசிரியர். நிதானமாகப் பார்த்து எழுதுங்கள்."

நான் அப்போது புத்தூரில் குடியிருந்தேன். பன்னிரண்டு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. ஆசிரியர்கள் அறையில் எப்போதாவது "சார், இன்னிக்கு மழை வருமா?" என்பார்கள். நான் வரும் என்பேன். வராது. அதன் பிறகு அதையும் கேட்பதை விட்டுவிட்டார்கள். இப்போது கல்கத்தாவில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இருநூறு பேரை மேய்க்கிற இன்ஜினியர், மூன்று மாதம் எங்கே போவது என்று என்னைக் கேட்கிறார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் நாலு பேருக்குக் காட்டினேன். காட்டும்போது 'பூகோள ஆசிரியர்' என்ற வரி மேலே தெரியும்படி மடித்துக்கொண்டேன்.

என் மனைவி கடிதத்தைப் படித்ததும், "வரச் சொல்லி எழுதிடுங்க" என்றாள்.

"வரலாமான்னு கேக்கலையே. ஊர் எப்படின்னு கேட்டிருக்காரு. கேட்டதுக்குப் பதில் சொல்லாம வான்னு எழுதினா மரியாதையா இருக்குமா?"

"அக்காவைப் பாத்து ஆறு வருஷமாச்சுங்க."

"அது வேற விஷயம்" என்றேன்.

அவளுக்கு அது வேற விஷயம் இல்லை. அக்கா அவளைவிடப் பத்து வயது மூத்தவர். தாய் இறந்தபின் இவளுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, ஸ்கூலுக்கு அனுப்பியவர். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகிக் கல்கத்தா போனவர், அங்கேயே இருபது வருடம் இருந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வருவதில் எனக்கு விருப்பமில்லை. எங்களுடையது மாடிப் போர்ஷன். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. இரண்டு பெண் பிள்ளைகள். குளியலறைக்கு மாடிப்படி இறங்கிக் கீழே போகவேண்டும். இதில் சகலையை மூன்று மாதம் எங்கே வைப்பது? அதையாவது சமாளிக்கலாம். என் கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் நான் நன்றி சொல்லி இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் பேசினேன். இரண்டாவது வாக்கியத்தில் இருந்த ஒரு தப்பை அவர் என் காதோடு, ரொம்ப அன்பாகத் திருத்தினார். வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. எனக்கு மட்டும் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் இதையெல்லாம் நான் அப்போது எனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பெரிய ஊரை நேர்மையாக, விஞ்ஞான முறையில் எடைபோடப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். குடிநீர், வெயில், கொசு, போக்குவரத்து, பார்க்கவேண்டிய இடங்கள் என்று தலைப்புகள் போட்டேன். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

முதலில் மலைக்கோட்டை. பன்னிரண்டு வருடமாக அதன் அடியில் பஸ் ஏறி இறங்கிய நான் ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், அதனால் போகவில்லை என்று சொல்லிக்கொள்வேன். சன்னிதிக்குள்தான் போகமுடியாது. படியேறி உச்சியில் நின்று ஊரைப் பார்ப்பதற்கு யாரும் தடை சொன்னதில்லை. சோம்பலுக்கு அது ஒரு கௌரவமான பெயர், அவ்வளவுதான்.

ஏப்ரல் மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு ஏறினேன். வெயிலின் உண்மையான நிலை தெரியவேண்டுமென்றால் அந்த நேரம்தான் சரி என்பது என் கணக்கு. தாயுமானவர் சன்னிதி வரை பாறைக்குள்ளேயே படி, நிழலாக இருந்தது. அதற்கு மேல் வெட்டவெளி. செருப்பைக் கீழே விட்டிருந்தேன். வெறுங்காலை வெளியே பாறையில் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். நிழலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் என்னைத் தாண்டி மேலே போனார்கள். இருவருக்கும் அறுபது வயதுக்குக் குறையாது. கொஞ்ச நேரத்தில் தரிசனம் முடிந்து திரும்பி வந்தார்கள். நான் அதே படியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் மேல போகலையா தம்பி?" என்றார் அந்தம்மா.

"போயிட்டு வந்துட்டேங்க" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். கையிலிருந்த தேங்காய் மூடியை உடைத்து ஒரு சில்லு கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். தேங்காயைத் தின்றுகொண்டே நோட்டில் எழுதினேன்: 'உச்சியிலிருந்து தெரியும் காட்சி சாதாரணமானது.'

அடுத்த வாரம் ஸ்ரீரங்கம். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் இறங்கினேன். கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகத் தெருக்கள் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த அமைப்பைக் கரும்பலகையில் அழகாக வரைவேன். வரைவது வேறு, நடப்பது வேறு. உள்ளே நுழைந்து நேராகத்தான் நடந்தேன். தெரு திரும்பியது, நானும் திரும்பினேன். ஒரு பச்சைக் கதவு போட்ட வீட்டை மூன்றாவது முறை கடந்தபோது, வாசலில் நாற்காலி போட்டு நெற்றியில் திருமண்ணோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தார்.

"ஸ்வாமி எங்கேர்ந்து எழுந்தருளறது?"

"புத்தூர்லேர்ந்துங்க. பஸ் ஸ்டாப்புக்கு எப்படிப் போகணும்?"

"பெருமாளைச் சேவிச்சாச்சோ?"

"இல்லீங்க. சும்மா பாக்க வந்தேன்."

"இங்கே வர்றவா எல்லாரும் உள்ளே போற வழியைத்தான் கேப்பா. வெளியே போற வழியைக் கேட்டது இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அதிசயப்பட்டுச் சொன்னார். பிறகு தெருமுனை வரை கூடவே வந்து வழி காட்டினார். நான் அன்று எழுதியது: 'தெருக்கள் குழப்பமானவை. பிரதான கோபுரம் பாதியில் மொட்டையாக நிற்கிறது. அது முடிந்தபின் வந்தால் போதும்.'

மூன்றாவது வாரம் திருவெள்ளறைக்குப் போயிருக்கவேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அந்த வழியாகப் போகும் துறையூர் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு ஆளுக்குக்கூட இடமில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நிற்பதற்குப் பதிலாக எதிரே போய் ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் எங்கள் டிராயிங் மாஸ்டரைக் கேட்டேன். "பழைய பெருமாள் கோயில் ஒண்ணு இருக்கு சார், பக்கத்துல ஒரு கிணறு இருக்கு" என்றார். அவரும் போனதில்லை என்பது பின்னால் தெரிந்தது. 'ஒரு கோயில், ஒரு வட்டக் கிணறு, சுற்றிலும் வயல். பயணத்துக்கு ஏற்ற பலனில்லை' என்று எழுதிக்கொண்டேன். 'வட்ட' என்ற சொல்லை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நேரில் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்றுதான் இருக்கும்.

கடைசியில் அறிக்கை ஃபுல்ஸ்கேப் தாளில் பதினான்கு பக்கம் வந்தது. கொசுவுக்கு மட்டும் இரண்டு பக்கம். புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பதைக்கூட, 'இப்பகுதியில் நோயாளிகளின் நடமாட்டம் அதிகம்' என்று குறையாக மாற்றியிருந்தேன். முடிவுரை இப்படி: 'திருச்சி மூன்று நாள் தங்குவதற்குச் சிறந்த ஊர். மூன்று மாதத்துக்கு மைசூரே ஏற்றது.' நான் மைசூரைப் பார்த்ததில்லை.

தபாலில் போடுவதற்கு முன் மனைவிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அவள் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும், "கொசுவைப் பத்தி இவ்வளவு எழுதிருக்கீங்க. அத்தானுக்கு இப்ப எப்படி இருக்குன்னு ஒரு வரி கேக்கலையே" என்றாள்.

"அது அறிக்கையில வராது."

"சரிங்க" என்றாள். அவள் சட்டென்று சரி சொன்னால் நான் உஷாராகியிருக்கவேண்டும். அறிக்கை முடிந்த பெருமையில் கவனிக்கவில்லை.

பத்தாம் நாள் தந்தி வந்தது. வியாழக்கிழமை வந்து சேர்கிறோம் என்றது. நான் தந்தியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"என் அறிக்கை போய்ச் சேரலை போலிருக்கு" என்றேன்.

"சேந்திருக்கும். நானும் ஒரு கார்டு போட்டேன்" என்றாள் மனைவி.

"என்ன எழுதின?"

"வா அக்கான்னு எழுதினேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்னங்க எழுதணும்?"

ஜங்ஷனில் ரயில் வந்து நின்றபோது நான் சகலையைத் தாண்டி நடந்து போய்விட்டேன். அடையாளம் தெரியவில்லை. கல்யாணத்தில் பார்த்த ஆள் கோட்டுப் போட்டால் கதவை அடைக்கிற மாதிரி இருப்பார். இப்போது பெஞ்சில் ஒரு மெல்லிய மனிதர், தனக்குப் பெரிதாகிவிட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, இங்க" என்று அவர்தான் கூப்பிட்டார். கொஞ்சம் தள்ளி என் மனைவியும் அண்ணியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கூடத்தை அவர்களுக்குக் கொடுத்தோம். மாடிப்படி ஏறி இறங்குவது கஷ்டமாக இருக்கும் என்று நான் சொன்னதற்கு, "டாக்டர் என்னை நல்லா நடக்கச் சொல்லியிருக்காரு, படி இருந்தா நல்லதுதான்" என்றார் சகலை. இரண்டு நாள் ஓய்வெடுத்தார். மூன்றாம் நாள் காலை காபி குடித்ததும் பெட்டியைத் திறந்து என் அறிக்கையை எடுத்தார். பழுப்பு அட்டை போட்டு நூலால் தைத்து வைத்திருந்தார்.

"பக்கம் நாலு. மலைக்கோட்டை. போலாமா தம்பி?"

நான் கண்டித்து எழுதிய ஒவ்வோர் இடத்துக்கும், எழுதிய வரிசையிலேயே, அவர் போகவேண்டும் என்றார். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. எனக்குத் தப்பிக்க வழியில்லை.

அதிகாலை ஐந்தரைக்கே போனோம். பாறை குளிர்ந்திருந்தது. பத்துப் பதினைந்து படிக்கு ஒருமுறை உட்காருவார். மூச்சு அடங்கியதும் எழுந்துகொள்வார். அவசரமே இல்லை. இப்படி ஏறினால் யார்தான் ஏறமுடியாது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. வெயில் சுடுவதற்கு முன்பே உச்சியில் இருந்தோம்.

வடக்கே காவிரி. கோடையானதால் பாதி மணல், பாதி தண்ணீர். அதற்கு அப்பால் தென்னந்தோப்புக்கு நடுவில் வரிசையாகக் கோபுரங்கள். அதற்கும் அப்பால் கொள்ளிடம் வெள்ளைக் கோடாக. இரண்டு ஆற்றுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் ஒரு படகு மாதிரி கிடந்தது. ஆற்றுத் தீவு எப்படி உண்டாகிறது என்று பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சாக்பீஸால் வரைந்து காட்டியிருக்கிறேன். பஸ்ஸில் பத்து நிமிடத்தில் வந்து ஏறி, ஒரு தடவை இதைப் பார்த்திருக்கலாம். இல்லை, பிள்ளைகளையே கூட்டிவந்து காட்டியிருக்கலாம்.

சகலை அறிக்கையைப் புரட்டினார். "'காட்சி சாதாரணமானது'ன்னு போட்டிருக்கீங்க. நீங்க எந்தப் பக்கமா நின்னு பாத்தீங்க?"

"அன்னிக்குக் கொஞ்சம் மேகமா இருந்துச்சுண்ணே."

"ஏப்ரல்லயா?"

"லேசா."

அவர் தலையாட்டிவிட்டு ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்துக்கு நாலு தடவை போனோம். அவர் கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, எந்தத் தெருவுக்குள் எந்தத் தெரு என்று குறித்துக்கொண்டே நடந்தார். இரண்டாவது தடவையே யாரையும் கேட்காமல் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். நான் பின்னால் நடந்தேன். மொட்டைக் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "இதை மேல கட்டணும்னா அஸ்திவாரத்தை முதல்ல பாக்கணும்" என்று அரை மணி நேரம் பேசினார். வழியில் போனவர்கள் நின்று கேட்டார்கள். இருபது வருடமாக அந்த வழியாகப் போகிறவர்கள். அந்த மனிதர் உடம்பு தேறிக்கொண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும், என் நினைப்பெல்லாம் அடுத்தது பக்கம் ஒன்பது என்பதில்தான் இருந்தது. பக்கம் ஒன்பது திருவெள்ளறை.

அதற்கு நாலு பேருமாகப் போனோம். பிள்ளைகளைக் கீழ்வீட்டில் விட்டிருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சகலை, "எந்தப் பக்கம் தம்பி?" என்றார். நான் கையை நீட்டிய பக்கம் வெறும் வயல். வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் எங்களைத் திருப்பி அனுப்பினாள்.

கோயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிணறு இருந்தது. அது வட்டமாக இல்லை. நாலு பக்கமிருந்தும் நாலு படிக்கட்டு இறங்கியது. ஒவ்வொரு படிக்கட்டும் நேராகத் தண்ணீருக்குப் போகாமல், பாதியில் மடங்கித் திரும்பி இறங்கியது. ஒரு படிக்கட்டில் இருப்பவருக்கு அடுத்த படிக்கட்டில் இருப்பவர் தெரியமாட்டார். மாமியார் மருமகள் கிணறு என்று அந்த ஊரில் சொல்வார்களாம். பெண்கள் இருவரும் கோயில் பக்கம் போனார்கள். நானும் சகலையும் ஒரு படிக்கட்டில் இறங்கி நிழலில் உட்கார்ந்தோம்.

அவர் அறிக்கையைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, நான் இங்க வந்ததே இல்லை" என்றேன்.

"தெரியும்."

"மலைக்கோட்டையிலயும் மேல வரைக்கும் போகலை."

"அதுவும் தெரியும் தம்பி. நீங்க உச்சியில போய் நின்னப்பவே தெரிஞ்சுது. முன்னாடி பாத்தவன் அப்படிப் பாக்கமாட்டான்."

"பின்ன ஏண்ணே இதைத் தைச்சு, அட்டை போட்டுக் கொண்டாந்தீங்க?"

"எனக்காக ஒருத்தர் பதினாலு பக்கம் எழுதியிருக்காரு. இதுவரைக்கும் வேற யாரு எழுதினா?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு லீவைக் கழிக்க இடம் வேணும்னு கேக்கலை. டாக்டர் எங்கிட்ட மட்டும் சொன்னாரு, ரெண்டு வருஷமும் இருக்கலாம், இருபது வருஷமும் இருக்கலாம், உறுதியாச் சொல்லமுடியாதுன்னு. நான் இல்லாட்டி இவ எங்க இருப்பா? அங்க இருபது வருஷம் இருந்தும் இவளுக்கு அந்த ஊர் பாஷை ஒட்டலை. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப இவ தமிழ்ல ஒரு வார்த்தை பேச ஆளில்லாம உக்காந்திருந்தா. தங்கச்சி இருக்கிற ஊர்ல ஒரு மூணு மாசம் இருந்து பாப்போம், இவளுக்கு ஒத்துவருதான்னு பாப்போம்னு நெனச்சேன். நேரா அப்படி எழுதினா உங்களால இல்லைன்னு சொல்லமுடியாது. ஊரைப் பத்திக் கேட்டா, வசதியில்லைன்னா ஊர் மேல பழியைப் போட்டுச் சொல்லிடலாம் பாருங்க."

நான் அதைத்தான் செய்திருந்தேன், பதினான்கு பக்கம். இவர் என் கௌரவத்தைக் காப்பாற்ற ஒரு கேள்வியைத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறார். நான் அதை என் பூகோள அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று சட்டைப் பையில் வைத்து ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எதையாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்துப் படிக்கட்டிலிருந்து, எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, அண்ணியின் குரல் வந்தது.

"எல்லாம் கேட்டுச்சுங்க."

சகலை எழுந்து நின்றார். நானும் எழுந்தேன்.

"டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். எங்கிட்டயும் சொன்னாரு" என்றார் அண்ணி, அதே இடத்திலிருந்து. "உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சு நான் சொல்லாம இருந்தேன்."

பிறகு என் மனைவியின் குரல். "என்னங்க, நீங்க மேல வாங்க. அவங்க பேசட்டும்."

நான் படியேறி மேலே வந்தேன். மனைவி அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்தாள். அழுதிருந்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். "வட்டக் கிணறா இது?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. புல் அறுத்த பெண் எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனாள்.

மூன்று மாதம் முடிந்து அவர்கள் கல்கத்தா திரும்பும்போது, இரண்டு வருடத்தில் வேலையை முடித்துக்கொண்டு திருச்சிக்கே வந்துவிடுவதாக முடிவாகியிருந்தது. வீடு பார்க்கும் பொறுப்பை நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை உண்மையாகவே பார்த்தேன். உறையூர், தில்லைநகர், கண்டோன்மெண்ட் என்று அலைந்து பதினாறு வீடு ஏறி இறங்கினேன். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, பஸ் ஸ்டாப் எத்தனை அடி தூரம் என்று எல்லாம் குறித்தேன். தில்லைநகரில் ஒரு வீடு எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்கள் வந்து இறங்கியதும் அண்ணியை அங்கே கூட்டிப்போனேன். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், புத்தூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஓட்டு வீட்டில் 'டு லெட்' பலகை தொங்கியது. என் பட்டியலில் அது இல்லை. மேற்கு பார்த்த வாசல், மத்தியானம் முழுக்க வெயில், கிணற்றில் உப்புத் தண்ணீர். அண்ணி சும்மா உள்ளே எட்டிப் பார்க்கப் போனார். பக்கத்து வீட்டில் குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். தலையில் முக்காடு. முன்பின் தெரியாத அண்ணியைப் பார்த்து, "வாங்க, இந்த வீட்டுக்கா வர்றீங்க? இன்னிக்கு என்ன கொழம்பு வச்சீங்க?" என்று கேட்டார்.

அண்ணி கத்தரிக்காய் என்றார். அந்தம்மா அதில் புளி எவ்வளவு விட்டீர்கள் என்று கேட்டார். பேச்சு அரை மணி நேரம் போனது. நான் நோட்டை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

"இந்த வீடே போதும் தம்பி" என்றார் அண்ணி.

சகலை அந்த வீட்டில் ஏழு வருடம் இருந்தார். டாக்டர் சொன்ன இரண்டும் இல்லை, இருபதும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் கோபுரத்தை மேலே கட்ட ஆரம்பித்திருந்தார்கள். வாரம் ஒருமுறை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய், சாரம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். விடுமுறையானால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். வருடம் ஒரு தடவை என் வகுப்புப் பிள்ளைகளை மலைக்கோட்டை உச்சிக்குக் கூட்டிப்போவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். நான் விளக்கம் சொல்வேன். பிள்ளைகள் அவரிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

அவர் இறந்த பிறகு, அண்ணியை எங்களோடு வந்து இருக்கச் சொன்னோம். வரமாட்டேன் என்றுவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாவும் விடவில்லை. "பொழுதெல்லாம் இங்கதானே இருக்காங்க. ராத்திரி தூங்கத்தானே அந்த வீடு" என்றார். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. தெரு வழியாகச் சுற்றிப் போய்வருவது சிரமம் என்று, நடுவில் இருந்த குட்டிச்சுவரில் ஒரு வழி வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்தார்கள். வீட்டுக்காரர்களும் சம்மதித்தார்கள். மேஸ்திரியைக் கூட்டிவரும் வேலை என்னிடம் வந்தது.

நான் டேப் கொண்டுபோய் இரண்டு வாசலுக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்தேன். சுவரில் சரியான இடம் எது என்று கரியால் ஒரு கோடு போட்டு, காரணங்களையும் எடுத்துச் சொன்னேன். இரண்டு பேரும் அமைதியாகக் கேட்டார்கள். அண்ணி தலைகூட ஆட்டினார். பிறகு அந்தம்மா, "சரிங்க சார்" என்றார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, இரண்டு சமையலறைக்கும் நேராக வேறோர் இடத்தைக் காட்டி, "இங்க இடிப்பா" என்றார்.